கார் வெளியே... கம்போசர் உள்ளே!

*புனே பங்களாக்களின் கார் ஷெட்டை ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆக்கும் கனவுக்கு மைக்கும் லேப்டாப்பும் ஒரே நாளில் கிடைத்துவிடும். கிடைக்காத பொருள் அமைதி.*

ஆடி மாதத்து மாலை. புனேயில் முட்டா ஆற்றங்கரையில் டோல்-தாஷா குழுக்களின் ஒத்திகை தொடங்கிவிட்டது. விநாயகர் சதுர்த்திக்கு இன்னும் வாரங்கள் இருக்கின்றன என்றாலும், ஊர்வலத்தில் விழப்போகும் அடி ஒவ்வொன்றும் இப்போதே கைக்குப் படிய வேண்டும். இடுப்பில் கட்டிய பெரிய டோல்கள் டஜன் கணக்கில் ஒரே வீச்சில் அதிரும்போது, பாலத்துக் கைப்பிடிச் சுவரைத் தொட்டாலும் அந்தத் துடிப்பு தெரியும். அங்கிருந்து இரண்டு தெரு தள்ளி, எரண்ட்வணேயில் ஒரு பழைய பங்களாவின் கார் ஷெட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கார் தெருவில் மரத்தடியில் நிற்கிறது. ஷட்டர் இறக்கியாகிவிட்டது. உள்ளே சுவர் முழுக்கக் கறுப்பு ஸ்பாஞ்ச், மேசைமேல் லேப்டாப், ஸ்டாண்டில் புத்தம் புது மைக். பாடகி மூச்சை இழுத்துப் பல்லவியைத் தொடுகிறார். ஹெட்போனில் அவர் குரலை முந்திக்கொண்டு வருகிறது டோல். அது ஓய்ந்தால் அடுத்த வீட்டு குக்கர் விசில். அதுவும் ஓய்ந்தால், தெருமுனையில் ரிவர்ஸ் எடுக்கும் டெம்போ பாடும் பாட்டு.

இசை தயாரிக்கத் தேவையான கருவிகள் இன்று ஒரு தோள்பைக்குள் அடங்கிவிடுகின்றன. ஆப்பிள் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட இசை மென்பொருளுக்கு ‘கராஜ்பேண்ட்’ என்றே பெயர் வைத்தது; ரிஹானாவின் ‘அம்ப்ரெல்லா’ பாட்டில் (2007) திரும்பத் திரும்ப வரும் டிரம்ஸ் தாளம், அந்த மென்பொருளுடன் எல்லோருக்கும் கிடைக்கும் தயார்நிலைத் துண்டுகளில் ஒன்று. பில்லி ஐலிஷும் அவர் அண்ணன் ஃபினியஸும் லாஸ் ஏஞ்சலிஸில் தங்கள் வீட்டுப் படுக்கையறையில் பெரும்பகுதியைச் செய்து முடித்த ஆல்பம், 2020-ல் கிராமியின் உச்ச விருதுகளை அள்ளியது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1989-ல் கோடம்பாக்கத்தில் தன் வீட்டை ஒட்டி ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்துக்கொண்ட ‘பஞ்சதன் ரெக்கார்ட் இன்’ போதும். மூன்று ஆண்டுகள் கழித்து ‘ரோஜா’ வந்தது. அன்றிலிருந்து, வீட்டோரம் ஒரு காலி ஷெட் இருக்கும் இசைப் பித்தர் எவருக்கும் தூக்கம் போய்விட்டது.

புனேயில் இந்த ஆசை முளைப்பதற்குத் தனிக் காரணங்களும் உண்டு. கோலாப்பூரிலிருந்து வந்த பிரபாத் ஃபிலிம் கம்பெனி 1933-ல் இங்கே ஸ்டுடியோ கட்டியது. அந்த வளாகத்தில்தான் 1960-லிருந்து திரைப்படக் கல்லூரி நடக்கிறது. ஆஸ்கர் வாங்கிய ரசூல் பூக்குட்டி ஒலிப்பதிவு படித்தது அங்கேதான். 1953-ல் பீம்சேன் ஜோஷி தன் குருவின் நினைவாகத் தொடங்கிய சவாய் கந்தர்வ இசை விழாவின் ஊரும் இதுவே. மும்பை மூன்று மணி நேரப் பயணம். ஹிஞ்சேவாடி ஐடி வளாகங்களில் பகலெல்லாம் கோடு எழுதிவிட்டு இரவில் ‘பீட்’ போடும் இளைஞர்கள் ஏராளம். அவர்களில் தமிழர்களும் கணிசம். ஆசையில் குறை இல்லை. ஆனால் பணம் செலவாகும் வரிசை தலைகீழாக இருக்கிறது. மைக்குக்கு முதலில், சுவருக்குக் கடைசியில் என்று கையைக் கடிக்கச் செலவழிக்கிறோம். சுவர், கதவு, காற்று, பத்திரம் ஆகிய நான்கும் முடிந்த பிறகு மிஞ்சும் காசில் மைக் வாங்குவதே சரியான கணக்கு.

ஊசி நுழையும் இடுக்கில்...

ஒரு டிரம்ஸ் செட்டைப் பக்கத்தில் நின்று அளந்தால் நூறு டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். குடியிருப்புப் பகுதிகளுக்கு 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அனுமதிக்கும் அளவு பகலில் 55, இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45. நூறுக்கும் நாற்பத்தைந்துக்கும் இடையிலுள்ள ஐம்பத்தைந்து டெசிபலைத் தடுக்கும் வேலை ஷெட்டின் சுவருக்கும் கதவுக்கும் வந்து சேர்கிறது. ஒன்பது அங்குல செங்கல் சுவர், இருபுறமும் பூச்சு இருந்தால், ஐம்பது வரை தாக்குப்பிடிக்கும். பழைய புனே பங்களாக்களின் சுவர்கள் இந்த விஷயத்தில் நல்ல பிள்ளைகள். சிக்கல் ஷட்டரில் இருக்கிறது. மெல்லிய இரும்புத் தகடு, இருபுறமும் இடுக்கு, கீழே விரல் நுழையும் சந்து. இப்படிப்பட்ட ஷட்டர் இருபது டெசிபலைத் தடுத்தாலே பெரிய விஷயம். ஒலியின் கணக்கு கறாரானது. ஒரு சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மிச்சம் தொண்ணூற்றொன்பது பங்கைக் கருங்கல்லால் கட்டினாலும் மொத்தத் தடுப்பு இருபது டெசிபலோடு நின்றுவிடும். ஓட்டைப் பானையின் சுவரைத் தடிமனாக்கி என்ன பயன்?

ஆகவே முதல் செலவு, ஷட்டரைக் கழற்றிவிட்டு அந்த வாயைச் செங்கல்லால் அடைத்து, ரப்பர் விளிம்பு வைத்த கனமான கதவு ஒன்றைப் பொருத்துவது. அதற்கு மேலும் தடுப்பு வேண்டுமென்றால் சுவரை இன்னும் தடிப்பாக்குவது வீண் வேலை. எடையை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாகக் கிடைப்பது ஆறு டெசிபல்தான். இருபது டெசிபல் கூடுதலாக வேண்டுமானால் சுவர் பத்து மடங்கு கனக்க வேண்டும். இதனால்தான் உலகெங்கும் ஸ்டுடியோ கட்டுபவர்கள் அறைக்குள் அறை கட்டுகிறார்கள். வெளிச் சுவரைத் தொடாமல் ஒரு சட்டம், நடுவே ராக்வுல் என்ற கனிமப் பஞ்சு, அதன்மேல் இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு. இரண்டு அறைகளும் ஒன்றையொன்று தொடாமல் இருப்பதில்தான் சூட்சுமம். ஒரு நீள ஆணி இரண்டையும் இணைத்துவிட்டால் அதன் வழியே அதிர்வு நடந்துபோகும். கார்பெண்டருக்கு இதைப் புரியவைப்பதுதான் கடினம் என்பார்கள். ‘நல்லா கெட்டியா நிக்கணும்’ என்று அன்பாக ஒரு ஆணி அடித்துவிடுவார்.

கார் அளவு அறையில் 69 ஹெர்ட்ஸ் பேய்

கார் ஷெட் காருக்கென்று அளந்து கட்டப்பட்டது. இசைக்கு அந்த அளவு ஏறக்குறைய மிக மோசமான அளவு. நம் நகரக் கட்டட விதிகளில் ஒரு காருக்கு வழக்கமாக ஒதுக்கும் இடம் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். அகலத்தைப் போல் நீளம் சரியாக இரண்டு மடங்கு. கூரை உயரம் 2.4 மீட்டர் என்றால் அதுவும் அகலத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. ஒவ்வொரு அறையும் தன் அளவுக்கேற்ற சில சுருதிகளை மட்டும் ஊதிப் பெரிதாக்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அலை போய்த் திரும்பும் தூரத்தை வைத்து அந்தச் சுருதிகளைக் கணக்கிடலாம். இந்த அறையின் அகலம் 69 ஹெர்ட்ஸை உப்பவைக்கிறது, நீளத்தின் இரண்டாவது அதிர்வும் அதே 69, உயரம் 71. மூன்றும் ஒரே இடத்தில் குவிகின்றன. பேஸ் கிதாரில் ‘ஏ’ தந்தியின் நான்காவது கட்டத்தை அழுத்தினால் வரும் ஸ்வரம் சரியாக இங்கேதான் விழுகிறது. அந்த ஸ்வரம் மட்டும் அறையில் குண்டு போட்டது போல் ஒலிக்கும். அடுத்தடுத்த ஸ்வரங்கள் ஒல்லியாக வரும். ஓசை அதிகம் என்று நினைத்து இசையமைப்பாளர் அந்தக் கீழ்ச் சுருதியைக் குறைப்பார். பாட்டு வெளியே போய், காரிலோ கல்யாண மண்டபத்திலோ ஒலிக்கும்போது அடித்தளமே காணாமல் போயிருக்கும். தவறு காதில் இல்லை, அறையில்.

> எண்களில் ஒரு கார் ஷெட்
> பரப்பு: 2.5 × 5 மீட்டர் = 12.5 சதுர மீட்டர்
> உள்ளறை கட்டிய பின் மிஞ்சுவது: சுமார் 10 சதுர மீட்டர்
> 69 ஹெர்ட்ஸ் அலையின் நீளம்: சுமார் 5 மீட்டர்
> அதை ஸ்பாஞ்சால் முழுதாக அடக்கத் தேவைப்படும் தடிமன் (அலைநீளத்தில் கால்வாசி): சுமார் 1.25 மீட்டர்
> கடையில் கிடைக்கும் ஸ்பாஞ்சின் வழக்கமான தடிமன்: 5 சென்டிமீட்டர்

இந்தப் பெட்டியின் கடைசி இரண்டு வரிகளே ஸ்பாஞ்ச் வியாபாரத்தின் கதை. சுவரில் ஒட்டும் மெல்லிய ஸ்பாஞ்ச் வெளியே போகும் ஓசையைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. தடுக்காது, அதற்கு எடை இல்லை. முட்டை அட்டைக்கும் அதே கதிதான். ஸ்பாஞ்ச் செய்வது வேறு வேலை. அறைக்குள் எதிரொலிக்கும் மேல்சுருதிகளை மட்டும் அது விழுங்கும். சுவர் முழுக்க அதை ஒட்டினால் மேல்சுருதி செத்து, கீழ்ச்சுருதி அப்படியே நின்று, குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல் ஆகிவிடும். மூலைகளில் தரையிலிருந்து கூரை வரை ராக்வுல் அடைத்த தடிமனான தூண்கள், பக்கச் சுவர்களில் சில பலகைகள், கூரையில் ஒன்று என்று தடிமனாகவும் அளவாகவும் வைப்பதே பலன் தரும்.

ஸ்பாஞ்சிடம் பயப்பட இன்னொரு காரணம் இருக்கிறது. 2003 பிப்ரவரியில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ‘தி ஸ்டேஷன்’ இசை விடுதியில் பட்டாசுப் பொறி பட்டுச் சுவர் ஸ்பாஞ்ச் பற்றிக்கொண்டது. நூறு பேர் இறந்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து பிரேசிலின் சாண்டா மரியா நகரில் ‘கிஸ்’ விடுதியில் அதே ஸ்பாஞ்ச், அதே பொறி, 242 பேர். இந்த ஸ்பாஞ்சின் பாலியூரித்தேன் பற்றினால் நிமிடங்களில் அறையை விஷப் புகை நிரப்பிவிடும். ஒரே கதவு, ஜன்னல் இல்லை, மேசைக்கடியில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் பின்னிக்கிடக்கும் பத்து சதுர மீட்டர் அறைக்கு இந்தக் கதை சம்பந்தமில்லாதது அல்ல.

மூடிய அறையின் மூச்சு

ஓசை போகாத அறைக்குள் காற்றும் போகாது. இதை யோசிக்காமல் கட்டிவிட்டு ஸ்பிளிட் ஏசி மாட்டுகிறவர்கள் அதிகம். ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே குளிரவைத்துத் திருப்பித் தருகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. ஒரு மனிதர் சும்மா உட்கார்ந்திருந்தாலே மணிக்கு இருபது லிட்டர் அளவுக்குக் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். முப்பது கன மீட்டர் அறையில் இரண்டு பேர் ஒரு மணி நேரம் இருந்தால், பத்து லட்சத்தில் நானூற்றுச் சொச்சமாக இருந்த கரியமில வாயு ஆயிரத்து எழுநூறைத் தாண்டும். பாடினால் இன்னும் கூடுதல். மூன்றாவது டேக்கில் பாடகிக்குத் தலை கனப்பதும், ‘இன்னிக்குக் குரல் சரியில்ல’ என்று எல்லோரும் எழுந்துபோவதும் ஏன் என்று இப்போது புரிந்திருக்கும். தீர்வு உண்டு. உள்ளே ராக்வுல் பதித்த, இரண்டு மூன்று திருப்பம் வைத்த மரப்பெட்டி வழியே காற்றை மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். ஓசை திருப்பங்களில் மாட்டிக்கொள்ளும், காற்று வந்துவிடும். கட்டும்போதே செய்தால் சின்னச் செலவு. கட்டிய பிறகு சுவரை உடைக்க வேண்டும்.

தண்ணீர் இன்னொரு பக்கம் மிரட்டுகிறது. வீட்டிலேயே தாழ்ந்த இடம் கார் ஷெட்தான். தெருத் தண்ணீர் முதலில் எட்டிப் பார்ப்பதும் அங்கேதான். புனேக்கு இது புத்தகத்து எச்சரிக்கை இல்லை. 1961 ஜூலை 12-ல் பான்ஷெட் அணை உடைந்து ஆற்றோரப் பேட்டைகளை அடித்துக்கொண்டு போனதை இன்றும் பெரியவர்கள் சொல்வார்கள். 2019 செப்டம்பர் 25 இரவில் ஆம்பில் ஓடை பெருகித் தென்புனேயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2024 ஜூலையில் கடக்வாஸ்லா அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் சின்ஹகட் சாலைக் குடியிருப்புகளின் தரைத்தளத்தை மூழ்கடித்தது. ஜிப்சம் போர்டும் ராக்வுல்லும் ஒருமுறை நனைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். தரையை உயர்த்துவது, பிளக் பாயின்ட்டுகளை இடுப்பு உயரத்தில் வைப்பது, ஹார்ட் டிஸ்க்கை மாடியில் வைப்பது ஆகியவை மைக்கின் பிராண்டைவிட முக்கியமான முடிவுகள்.

உங்களிடம் இருப்பது ஷெட்டா, தூண்களா?

இனி பத்திரத்துக்கு வருவோம். புனேயில் பழைய பங்களாக்கள் ஒவ்வொன்றாக இடிபட்டு அடுக்குமாடிகளாகின்றன. கீழே தூண்கள், தூண்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு போட்ட கார் இடம். இதைச் சுற்றி ஜிப்சம் அடைத்து ஸ்டுடியோ ஆக்கலாமே என்ற யோசனை அடிக்கடி எழுகிறது. 2010-ல் நஹல்சந்த் லாலுசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு விடை சொல்லிவிட்டது. மகாராஷ்டிர அடுக்குமாடிச் சட்டத்தின் கீழ், இப்படித் தூண்களுக்கு நடுவே வரும் ஸ்டில்ட் பார்க்கிங் ‘கராஜ்’ ஆகாது. அதைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது. அது எல்லோருக்கும் பொதுவான பகுதி. 2016-ம் ஆண்டின் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை) சட்டமும் கராஜ் என்றால் கூரையும் மூன்று பக்கச் சுவரும் இருக்க வேண்டும் என்கிறது. ஆக, தூண்களுக்கு நடுவே இடம் வைத்திருப்பவர், தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் சுவர் எழுப்புகிறார். சொசைட்டியில் ஒருவர் புகார் கொடுத்தால் போதும், மொத்தமும் இடிபடும். பங்களாவின் சொந்த ஷெட் வைத்திருப்பவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. வாகன நிறுத்தம் என்று வரைபடத்தில் காட்டிய இடத்தை வேறு பயனுக்கு மாற்ற மாநகராட்சி அனுமதி தேவை. வெளியே விட்ட கார் அண்டை வீட்டுக்காரரின் கேட்டை மறித்தால், இசைக்கு எதிரான முதல் மனு அங்கிருந்தே பிறக்கும்.

> சட்டம் ஒரு பார்வையில்
> தனியார் ஒலிக்கருவியின் ஓசை, வீட்டு எல்லையில், அந்தப் பகுதிக்குரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக்கூடாது.
> திருவிழாக்களுக்கு இரவு 10 முதல் 12 வரை மாநில அரசு விலக்குத் தரலாம். ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள்.
> வாடகைக்கு விட்டுச் சம்பாதித்தால்: ஊழியர்கள் மிகச் சிலரே என்றால், மகாராஷ்டிரக் கடைகள் சட்டப்படி (2017) தகவல் தெரிவித்தால் போதும். சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு.

‘சதுர்த்தி ஊர்வலம் ஒரு நாளுக்கும் மேலாக ஊரையே அதிரவைக்கிறதே, என் ஒற்றை கீபோர்டுதான் கண்ணில் பட்டதா?’ என்று கேட்பது நியாயம்போலத் தோன்றும். ஊர்வலம் ஆண்டுக்கு ஒருமுறை வருகிறது, அதில் தெருவே பங்கேற்கிறது. ஷெட்டிலிருந்து வரும் அதே எட்டு மாத்திரைத் தாளம், அதே இடத்தில் நின்று, முந்நூறு இரவுகள் வரும். கேட்பவருக்கு அதில் பங்கு எதுவும் இல்லை. லண்டனில் ஜோ மீக் என்ற தயாரிப்பாளர் ஒரு தோல்பொருள் கடைக்கு மேலிருந்த வாடகை வீட்டையே ஸ்டுடியோ ஆக்கினார். 1962-ல் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ‘டெல்ஸ்டார்’ அந்த வீட்டில் பிறந்தது. கீழேயிருந்து வீட்டுக்காரம்மா துடைப்பக் கட்டையால் கூரையை இடிப்பாராம்; மீக் பதிலுக்கு ஸ்பீக்கரைப் படிக்கட்டில் வைப்பாராம். ஐந்து ஆண்டுகள் கழித்து அந்த அம்மாளைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அதற்குக் காரணங்கள் பல என்றாலும், ஸ்டுடியோ வரலாற்றில் அண்டை வீட்டுக்காரர் ஓரத்துப் பாத்திரம் இல்லை.

‘ஹெட்போன் போதுமே!’

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. படுக்கையறையில் கிராமி வாங்கும் காலத்தில் சுவர் எதற்கு, ஹெட்போன் போதுமே என்பார்கள். பாதி உண்மை. சாஃப்ட்வேர் வாத்தியங்களை வைத்து இசை கட்டுபவருக்கு ஹெட்போன் தாராளமாகப் போதும். அவருக்குக் கார் ஷெட்டே தேவையில்லை, காரை அதன் இடத்திலேயே விட்டுவிடலாம். மெல்லிய குரலில் மைக்குக்கு மிக அருகே பாடும் பாணிக்கும் அலமாரித் துணிகளுக்கு நடுவே ஓர் இடம் போதும். ஷெட் தேவைப்படுவது காற்றை அசைக்கும் இசைக்கு. தபலா, மிருதங்கம், நாதஸ்வரம், திறந்த குரல், டிரம்ஸ், ஸ்பீக்கரில் கேட்டுச் செய்யும் மிக்ஸிங். ஆகவே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, ‘என்ன மைக்?’ என்பது அல்ல; ‘என் இசை காற்றை அசைக்கிறதா?’ என்பது.

வாடகைக்கு ஸ்டுடியோ கிடைக்கும்போது ஏன் இந்தப் பாடு என்பதும் நல்ல கேள்விதான். ஆண்டுக்கு நான்கு பாட்டுப் பதிபவர் வாடகைக்குப் போவதே லாபம். சில வேலைகளை ஷெட்டில் செய்யவும் முடியாது. 1955-56-ல் புனே வானொலியில் வாரந்தோறும் ஒலித்த மாட்கூல்கர்–சுதிர் ஃபட்கேயின் ‘கீத ராமாயண’த்தின் 56 பாடல்களும், பாடகர்களும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்த காலத்தின் விளைச்சல். பத்து சதுர மீட்டரில் அது நடக்காது. ஆனால் தினமும் பதிபவருக்கு, அதிலும் குறிப்பாகப் பெண்களுக்கு, சொந்த ஷெட்டின் மதிப்பு வேறு. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவு ஒன்பது மணிக்கு முற்றத்தைத் தாண்டிப் போய்ப் பாடிவிட்டு வர முடிவது, நகரத்தின் மறுமுனையில் மணிக்கணக்கு வாடகைக்குப் போய் நள்ளிரவில் திரும்புவதோடு ஒப்பிடக்கூடியதே இல்லை. ஆடியோ புத்தகம், டப்பிங், பாடம் சொல்லும் பதிவு என்று குரலை நம்பிய வேலைகளுக்கு இந்த அறை சம்பளமாகவும் மாறும். அப்படி மாறும் அன்று ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. பதிவைச் செய்யும் முன்முயற்சியும் பொறுப்பும் யாருடையதோ அவரையே நம் காப்புரிமைச் சட்டம் தயாரிப்பாளராகக் கருதுகிறது. நண்பரின் ஷெட்டில் ‘சும்மா’ பதிந்த பாட்டு ஒருநாள் ஓடிவிட்டால், அந்தப் பொறுப்பு யாருடையது என்பதில்தான் நட்பு முறியும்.

எனவே தீர்ப்பு இது. தூண்களுக்கு நடுவே வெள்ளைக் கோடு மட்டும் வைத்திருப்பவர்கள் இந்த ஆசையை விட்டுவிடலாம். ஹெட்போனில் இசை கட்டுபவர்கள் ஷெட்டைத் தொட வேண்டாம். நான்கு சுவரும் சொந்தப் பத்திரமும் காற்றை அசைக்கும் இசையும் மூன்றும் இருப்பவர்கள் மட்டும், ஷட்டர் வாயை அடைப்பதிலிருந்து தொடங்கலாம். அதற்கும் முன் காசு செலவில்லாத ஒரு சோதனை: ஏதாவது ஒரு நாள் இரவு ஒன்பதரைக்கு, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஷெட்டுக்குள் நீங்கள் வேலை செய்யும் அளவு சத்தத்தில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அவர்கள் படுக்கையறை ஜன்னலுக்கு வெளியே ஐந்து நிமிடம் போய் நில்லுங்கள்.